சம்பளத்தைப் பிடித்தால் தடுப்பூசிக்கு வருவார்களா?

மேற்கு மாவட்டம் ஒன்றில், 120 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராகப் பணியாற்றும் சகோதரி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊழியர் அனைவருக்கும், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசி போட்டு முடிக்கும் பொறுப்பை நிர்வாகம் அவரிடம் கொடுத்திருக்கிறது. ஆய்வகத்தில் இருக்கும் ஐந்து பேரும் முதல் நாளே போட்டுக்கொண்டார்கள். மருத்துவர்களில் பலர் "அப்புறம் பார்க்கலாம் சிஸ்டர்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். செவிலியர்களில் பாதிப் பேர், "படிக்கும்போது இரண்டு ஊசி போட்டோம், மூன்றாவது விட்டுப்போயிற்று, மறுபடி முதலிலிருந்து எங்களால் முடியாது" என்கிறார்கள். திருமணம் நிச்சயமான இரண்டு பெண்கள் கிட்டவே வரவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் கொரோனா ஊசியின் கதைகளைச் சொல்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள் 22 பேரில் மூன்று பேர் மட்டுமே வந்தார்கள். "படிப்பறிவு இல்லாதவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? போட்டுக்கொள்ளாதவர்களுக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்துவிடலாம் என்கிறார் மேலாளர். அது சரியா?" என்று கேட்கிறார்.

கடிதத்தின் அடியில், பிறகு நினைவு வந்து சேர்த்ததைப் போல, இரண்டு செய்திகள் இருந்தன. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு தூய்மைப் பணியாளர் மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி அவர் தொடையில் குத்தியிருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை, இவருக்கே முந்தின நாள்தான் தெரிந்தது. இன்னொன்று, மூன்று தவணையும் முன்பே முடித்த இவருடைய ரத்தத்தில் எதிர்ப்பு அளவு, பத்தாவது இருக்க வேண்டிய இடத்தில், இப்போது 4தான் இருக்கிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளும் ஒரு வாரம் காத்திருக்கலாம். ஊசி குத்திய அந்த அக்காவின் விஷயம் காத்திருக்கக் கூடாது.

அவரை இன்றே பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஒரு தவணைகூடப் போடாதவர் என்றால் முதல் தவணையை இப்போதே தொடங்குங்கள். நடந்து முடிந்த குத்துக்கு அது தாமதம்தான். ஆனால் நாளைக்கும் அவர் அதே பையைத்தான் தூக்கப்போகிறார். குத்திய 24 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் தடுப்பூசியோடு நோயெதிர்ப்புப் புரத ஊசியும் போட்டிருக்கலாம். ஏழு நாள் கடந்த பிறகு அதனால் பயன் இல்லை. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரைகளையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்தக் காலமும் போய்விட்டது. மீதியிருப்பது பரிசோதனை. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றுக்கும் இப்போது ஒரு முறை பார்த்துவிட்டு, ஆறு மாதம் வரை இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். உங்கள் மருத்துவமனை ஆய்வகத்தில் கொடுக்க அவர் தயங்கினால், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கட்டணம் இல்லை, விவரமும் வெளியே போகாது.

அவரிடம் எண்களையும் உள்ளபடியே சொல்லுங்கள். தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி ஒருவரைக் குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் ஆறிலிருந்து முப்பது வரை போகிறது. உடலுக்கு வெளியே உலர்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாள் வரை வீரியத்தோடு இருக்கக்கூடியது. நம் மருத்துவமனைகளில் ஊசி குத்திவிட்டால் எல்லோரும் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் நடுங்குகிறார்கள். மூன்றே ஊசியில் தடுத்துவிடக்கூடிய நோயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2022இல் இந்தியாவில் சுமார் மூன்று கோடிப் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் மிகப் பலருக்குத் தம்மிடம் அது இருப்பதே தெரியாது.

அவர் ஏன் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை என்ற கேள்விக்குத்தான் உங்கள் மற்றக் கேள்விகளின் விடையும் இருக்கிறது.

மூன்று பேர் மட்டும் வந்தது ஏன்?

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தேன். முகாம் நடந்த நேரம் காலை 11 மணியிலிருந்து 1 மணி வரை. இடம் மூன்றாம் மாடிக் கூட்ட அரங்கு. உங்கள் தூய்மைப் பணியாளர்களின் ஷிஃப்ட் காலை 6 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 11 மணி என்பது வார்டுகளில் இரண்டாம் முறை துடைக்கும் நேரம். அந்த நேரத்தில் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் போகும் ஒருவருக்கு அவருடைய மேஸ்திரி என்ன பதில் சொல்லியிருப்பார்?

அடுத்த வரி இன்னும் முக்கியம். "முதலில் ரத்தப் பரிசோதனை செய்யப்படும்; முடிவுகள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்படும்." ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்ணின் கண்ணால் இதைப் படித்துப் பாருங்கள். என் ரத்தத்தில் ஏதாவது இருந்தால் நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கீழே கையெழுத்தோ கைநாட்டோ கேட்டிருந்தது. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் விடுப்பு உண்டா என்று ஒரு வரிகூட இல்லை. வராத நாளுக்குச் சம்பளம் இல்லாத வேலை அது.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால், அந்த 19 பேரும் யோசித்துத்தான் வராமல் இருந்திருக்கிறார்கள். ஊசியில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கும் நிலைக்கே வரவில்லை. அவர்களைப் படிப்பறிவு இல்லாதவர்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் அக்கறை இல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. அக்கறை இல்லாவிட்டால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டீர்கள். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை சுற்றறிக்கையில் இருக்கும் தவறு உங்கள் கண்ணில் படாது. குத்து வாங்கியவரும் இதனால்தான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வேலை போகும் என்று அஞ்சியிருப்பார், அல்லது கவனமாகத் தூக்கத் தெரியாதா என்று திட்டு விழும் என்று நினைத்திருப்பார். ஊசியை வெள்ளை நிற ஊசிக் கலனில் போடாமல் மஞ்சள் பைக்குள் எறிந்தவர் வேறொருவர் அல்லவா?

ஒரு சின்ன மருத்துவ விவரம். தடுப்பூசி போடும் முன் ரத்தப் பரிசோதனை கட்டாயம் இல்லை. ஏற்கெனவே கிருமி உள்ளவருக்கு ஊசி போட்டாலும் தீங்கு வராது, பயன்தான் இராது. பரிசோதனையைத் தனியாக, அவரவர் விருப்பத்தோடு, முடிவு அவர் கையில் மட்டும் கிடைக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது கிருமி இருப்பது தெரிந்தால் அதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. துடைப்பதாலும் பெருக்குவதாலும் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குப் பரவாது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அவருக்குப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும்.

மற்றவர்களின் தயக்கம்

படித்தவர் ஏற்பார், படிக்காதவர் பயப்படுவார் என்பது உங்கள் கடிதத்தின் அடியில் ஓடும் எண்ணம். உங்கள் மருத்துவமனையே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. மிக அதிகம் படித்த மருத்துவர்கள்தான் "அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். ஆய்வகத்தார் ஐந்து பேரும் உடனே வந்தார்கள் என்றால், நாள் முழுக்க ரத்தக் குழாய்களைக் கையில் பிடித்திருப்பவர்களுக்கு ஆபத்து கண்ணெதிரே நிற்கிறது. அதோடு முகாமும் அவர்கள் அறைக்குப் பக்கத்து அறையில்தான் நடந்திருக்கிறது!

2021ஐ நினைத்துப் பாருங்கள். ஜனவரி 16 அன்று நாட்டில் முதன்முதலாகக் கொரோனா தடுப்பூசி சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் தொடங்கியது. முதல் சில வாரங்கள் நம் மாநிலத்திலும் முகாம்கள் நிரம்பவில்லை. தில்லியில் ஒரு மத்திய அரசு மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள், கோவாக்சின் வேண்டாம், கோவிஷீல்டு கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கோவாக்சினின் மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு அப்போது வந்திருக்கவில்லை. அது மருத்துவம் தெரிந்தவர்களின் தயக்கம். அதன்பின் ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு சொல்வதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அந்த மரணச் செய்தி போன இடமெல்லாம் அந்த விளக்கம் போய்ச் சேரவே இல்லை. உங்கள் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். 2024இல், கோவிஷீல்டை உருவாக்கிய அஸ்ட்ராஜெனகா நிறுவனம், மிக அரிதாகத் தன் ஊசியால் ரத்தம் உறையலாம் என்று பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி வந்ததும் பழைய பயம் புதிதாகிவிட்டது.

அவர்களிடம் "அதெல்லாம் வதந்தி" என்று சொல்லிவிடாதீர்கள். ரத்தம் உறைதல் உண்மை. மிக அரிது என்பதும் உண்மை. இரண்டையும் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த பேச்சு காதில் ஏறும். ஹெபடைடிஸ் பி ஊசி வேறு வகையைச் சேர்ந்தது. அதில் முழுக் கிருமி இல்லை. கிருமியின் மேலுறைப் புரதம் மட்டும், ஈஸ்ட்டில் வளர்த்து எடுத்தது. 1986லிருந்து உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. நாடு முழுவதும் பிறந்த குழந்தைகளுக்கு 2011லிருந்து போட்டுவருகிறோம். ஓட்டுநர்களில் யாருக்காவது சின்னக் குழந்தை இருந்தால், "உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்று, அட்டையைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். எனக்குப் பல இடங்களில் கைகொடுத்த பேச்சு அது. விபத்தில் சிக்கியவரை ரத்தத்தோடு தூக்குபவர்கள் அவர்கள். ஆபத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

திருமணம் நிச்சயமான பெண்களின் பயம் குழந்தைப் பேற்றைப் பற்றியது. தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். இந்த ஊசி கருத்தரிப்பதைத் தடுக்காது. கர்ப்பமாக இருக்கும்போதே போட்டுக்கொள்ளலாம். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இது மிகவும் தேவை. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்குக் குறைவாகவே கிருமி நிரந்தரமாகத் தங்குகிறது. தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு பேருக்குத் தங்கிவிடுகிறது.

பாதியில் விட்ட செவிலியர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. எத்தனை ஆண்டு இடைவெளி விழுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு போட்டிருந்தால் மூன்றாவது மட்டும் போதும். இது தெரியாமலே பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

"மஞ்சள் காமாலைக்குத்தான் கீழாநெல்லி இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அப்போது எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும். பி வகை கண்ணை மஞ்சளாக்காமலே இருபது முப்பது ஆண்டு ஈரலில் தங்கி, சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியது. கேட்டவரைக் கேலி செய்யாமல் இந்த வித்தியாசத்தை மட்டும் சொல்லுங்கள்.

மருத்துவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்களுக்குத் தெரியாத தகவல் எதுவும் உங்களிடம் இல்லை. தலைமை மருத்துவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, ஊசியை ஓ.பி. அறைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்.

சம்பளப் பிடித்தம்

செய்யாதீர்கள். மேலாளரையும் செய்யவிடாதீர்கள்.

2022 மே 2 அன்று, கொரோனா தடுப்பூசி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, தன் உடல் மீதான உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் அடங்கியது. பொது நலனுக்காகக் கட்டுப்பாடுகள் விதிக்கலாம், ஆனால் அவை தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஊதியத்திலிருந்து எதையெல்லாம் பிடிக்கலாம் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஊசி போட மறுத்ததற்கான பிடித்தம் அதில் கிடையாது.

உங்கள் மேலாளர் அறிந்திருக்க வேண்டிய விதி வேறொன்று. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கு எதிராகத் தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் கடமை. சொந்த ஊழியர், ஒப்பந்தக்காரரின் ஆள் என்று அந்த விதி பிரிக்கவில்லை. வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் அவர்களுக்கு உடல் பரிசோதனை செய்ய வேண்டும். பாதுகாப்பு உறைகளும் காலணிகளும் கொடுக்க வேண்டும். ஊசிக்குத்து போன்ற விபத்துகளைப் பதிவு செய்வதும் மருத்துவமனையின் பொறுப்புதான். ஆக, அந்த 22 பேருக்கும் இந்த ஊசி மருத்துவமனை கொடுக்க வேண்டிய கடன். கடன் பட்டவரே கடன் கொடுத்தவரிடம் அபராதம் கேட்பது எந்த ஊர் நியாயம்?

நடைமுறையிலும் அபராதம் எதிராகத்தான் திரும்பும். கையை நீட்டிவிடுவார்கள், ஆனால் அடுத்த முறை ஊசி குத்தினால் இன்னும் ஆழமாக மறைப்பார்கள். உங்கள் வேலைக்கு அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. எல்லாம் விளக்கிய பிறகும் ஒருவர் மறுத்தால் மறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். சிலர் அப்போது வருவார்கள்.

அடுத்த முகாமுக்கு

நேரம் பிற்பகல் 1.30, இடம் அவர்கள் உடை மாற்றும் அறைக்கு அருகில். மறுநாள் காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு என்று ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கி, தமிழில் பெரிய எழுத்தில் அங்கேயே ஒட்டுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்காரவைத்துத் தேநீர் கொடுங்கள். கடும் ஒவ்வாமை பத்து லட்சம் தவணைக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில்தான் நேர்கிறது. ஆனாலும் மருந்தோடு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஊசியைக் கையின் மேற்புறத் தசையில்தான் போட வேண்டும். இடுப்புக்குக் கீழே போட்டால் எதிர்ப்புச் சக்தி குறைவாகவே உருவாகும். மருந்துக் குப்பிகளை ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு முறை உறைந்துவிட்டால் அந்த மருந்து பயன்படாது. இரண்டாவது தவணை ஒரு மாதத்திலும் மூன்றாவது ஆறாவது மாதத்திலும். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு அளவைப் பாருங்கள்.

உங்கள் 4ஐப் பற்றி: பதற வேண்டாம். பத்துக்குக் கீழே இருப்பதால் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கும்போது அளவு இறங்கியிருப்பது வழக்கம். உடலுக்குள் நினைவு பெரும்பாலும் இருக்கும். ஒரு தவணை போட்டுக்கொண்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். பத்தைத் தாண்டினால் முடிந்தது. தாண்டாவிட்டால் மீதி இரண்டு தவணையையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் எழும்பாத சிலர் இருக்கிறார்கள். அவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால், ஊசி குத்தியவுடன் புரத ஊசி தேவைப்படும் என்பதை உங்கள் கோப்பில் எழுதி வையுங்கள்.

இன்னும் ஒன்று. அட்டைகளை உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஆறாவது மாதம் வருவதற்குள் ஒப்பந்தம் வேறொருவர் கைக்கு மாறலாம். அந்த 22 பேரில் சிலர் வேறு மருத்துவமனையில் மாப் பிடித்துக்கொண்டிருக்கலாம். போட்ட தேதியும் மருந்தின் பெயரும் மூன்றாவது தவணைக்கான நாளும் தமிழில் எழுதி, அட்டையை அவரவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். போகிற இடத்தில் மூன்றாவது ஊசியைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.